இல்லம் இருந்தால்தான் மாணிக்கம்

 

சில காலத்துக்கு முன் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்து அமர்ந்திருந்தேன். என்னிடம் குர்ஆன் ஓத வரும் மாணவன் ஒருவனின் தாயார் வாசலில் வந்து நின்றார். வயதில் எனக்கு மூத்தவர். நாங்கள் அவரை ராத்தா என்றே அழைப்போம். கையில் ஒரு கைக்குட்டை முடிச்சு. என் மனைவி அவரை உள்ளே அழைத்து அமர வைத்ததும் முடிச்சை அவிழ்த்து மேசை மேல் வைத்தார். உள்ளே பாக்குக் கொட்டையளவில் ஒரு கல். கண்ணாடிபோலத் தெளிவு. சாய்வான பக்கங்கள். ஜன்னல் வெளிச்சம் பட்டதும் பளபளவென்று மின்னியது.

"மௌலவி, கிணறு வெட்டினபோது வெள்ளைக்கல்லுக்குள்ளே இருந்து வந்தது. ஒருத்தர் பார்த்துவிட்டு இது வைர சாதிக் கல், லட்சக்கணக்கில் போகும் என்கிறார். கொழும்புக்குக் கொண்டுபோய்ப் பதிந்து விற்றுத் தருவாராம். அதற்கு முன்பணமாக ஒன்றரை லட்சம் வேணுமாம். என்ர சோடிக் காப்பை அடைவு வைக்கலாமென்று பார்க்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

அந்தச் சோடிக் காப்பின் கதை எனக்குத் தெரியும். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் தங்கள் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டபோது, ராத்தாவின் தாயார் காதில் கிடந்த தோடுகூட இல்லாமல்தான் புத்தளம் போய்ச் சேர்ந்தார். அகதி வாழ்விலே ஓலை பின்னி, இடியப்பம் அவித்து விற்று, வருடக் கணக்கில் சேர்த்த காசில் மகளுக்கென்று செய்து போட்டவை அந்த இரண்டு காப்புகள். ஊர் திரும்பி, வளவைத் துப்புரவாக்கி, கிணறு வெட்டிய இடத்தில்தான் இந்தக் கல் வந்திருக்கிறது.

"அவசரப்படாதீர்கள் ராத்தா. காப்பு கையிலேயே இருக்கட்டும். கல்லை மட்டும் நாளைக்குக் கொண்டு வாருங்கள். இரண்டு பேரும் சேர்ந்து சோதிப்போம்" என்றேன்.

அந்தச் சோதனையில் என்ன தெரிந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், நம் நாட்டில் மாணிக்கக்கல் எங்கே கிடைக்கிறது, எங்கே கிடைக்காது, ஏன் கிடைக்காது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். இது தெரிந்திருந்தால் எந்தத் தரகரும் எந்தச் சகோதரியின் காப்பையும் கழற்ற முடியாது.

யாகூத் தீவு

பழைய அரபிகள் நம் நாட்டை ஸரன்தீப் என்றார்கள். 'ஜஸீரத்துல் யாகூத்', அதாவது மாணிக்கத் தீவு என்றும் சொன்னார்கள். 1344ஆம் ஆண்டில் இங்கு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, தன் பயண நூலில் நம் நாட்டு மாணிக்கங்களைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார். இந்நாட்டுப் பெண்கள் பல நிறக் கற்களைக் கழுத்திலும் கையிலும் காலிலும் அணிந்திருந்ததைக் குறிப்பிடுகிறார். குறிப்பிட்ட மதிப்புக்கு மேற்பட்ட கல் கிடைத்தால் அதை மன்னர் விலை கொடுத்து எடுத்துக்கொள்வார். அதற்குக் குறைந்தவை கண்டெடுத்தவருக்கே உரியவை என்ற அக்காலச் சட்டத்தையும் சொல்கிறார்.

நம்மைப்போன்ற வடபகுதியினருக்கு அதில் ஒரு சுவையான செய்தி உண்டு. இப்னு பதூதாவைப் புத்தளத்தில் வரவேற்று உபசரித்தவர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. அந்த மன்னரிடம் உள்ளங்கையளவான மாணிக்கக் கிண்ணம் ஒன்றைக் கண்டதாகவும், அதில் அகில் தைலம் இருந்ததாகவும் பயணி எழுதுகிறார். அப்படியானால் யாழ்ப்பாணத்து மண்ணில் மாணிக்கம் விளைந்ததா? இல்லை. மன்னரிடம் மாணிக்கம் இருந்தது; அவருடைய மண்ணில் இருக்கவில்லை. மன்னார்க் கடலின் முத்துத்தான் வடபகுதியின் சொந்தச் செல்வம். மாணிக்கம் தெற்கிலிருந்து வந்தது. அதற்கான காரணம் நம் காலடியிலேயே இருக்கிறது.

கல்லுக்கும் ஒரு வீடு உண்டு

நீலம், மாணிக்கம், புஷ்பராகம் முதலிய கற்கள் பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானவை. நம் நாட்டின் மத்திய மலைப்பகுதியில் உள்ள பாறைகள் மிகப் பழமையானவை. ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன் அவை பூமிக்குள் வெந்து, உருமாறி, பின்னர் மேலெழுந்தவை. அந்தப் பாறைகள் மழையிலும் வெயிலிலும் சிதைந்தபோது, உள்ளேயிருந்த உறுதியான கற்கள் சிதையாமல் தப்பின. ஆறுகள் அவற்றை உருட்டிக்கொண்டு வந்து பள்ளத்தாக்குகளில் சரளைக் கற்களோடு படிய வைத்தன. அதன் மேல் களிமண்ணும் சேறும் மூடின.

மாணிக்கக்கல் தங்கியிருக்கும் அந்தச் சரளைப் படையைச் சுரங்கத் தொழிலாளர் 'இல்லம்' என்கிறார்கள். சிங்களத்தில் வழங்கும் சொல் அது. ஆனால் தமிழ்க் காதுக்கு அது வீடு என்று கேட்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. இல்லம் இருக்கும் இடத்தில்தான் மாணிக்கம் இருக்கும். இல்லம் இல்லாத இடத்தில் எத்தனை அடி தோண்டினாலும் மண்தான் வரும்.

இனி நம் யாழ்ப்பாணத்துக்கு வருவோம். கொடிகாமத்தில் கிணறு வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே மணல், கொஞ்சம் செம்பாட்டு மண், அதன் கீழே வெள்ளைக்கல். குடாநாடு முழுவதற்கும் அடித்தளம் சுண்ணாம்புக்கல்தான். காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை அமைந்ததும் அந்தக் கல்லை நம்பித்தான். கடலுக்கடியில் சங்கும் சிப்பியும் முருகையும் படிந்து இறுகி உண்டான கல் அது. மலைநாட்டுப் பாறையோடு ஒப்பிட்டால் நேற்றுப் பிறந்த குழந்தை! பூமியின் ஆழத்து வெப்பத்தை அது கண்டதேயில்லை. மலையிலிருந்து கல்லை உருட்டிக்கொண்டு வர நம்மிடம் ஆறும் இல்லை. எனவே நீலமோ மாணிக்கமோ நம் கிணற்றுக்குள்ளிருந்து பிறந்து வர வழியே இல்லை.

எங்கெங்கே கிடைக்கிறது?

முதலிடம் இரத்தினபுரிக்கு. பெயரே சொல்கிறதல்லவா? குருவிட்ட, எஹெலியகொட, பெல்மதுளை, நிவித்திகல, றக்வானை, பலாங்கொடை எனச் சபரகமுவா எங்கும் மாணிக்கக் குழிகள் உண்டு. நீலம், புஷ்பராகம், வைடூரியம், கோமேதகம் எனப் பல இனக் கற்கள் ஒரே குழியில் கிடைப்பது அந்த மண்ணின் சிறப்பு.

அடுத்தது எலஹெர. மாத்தளைக்கும் பொலன்னறுவைக்கும் இடைப்பட்ட பகுதி. மொனராகலை மாவட்டத்தில் ஒக்கம்பிட்டிய. காலி மாவட்டத்தில் மீட்டியாகொட. இங்கே கிடைப்பது சந்திரகாந்தக் கல். நிலவொளி போன்ற நீலச் சாயல் அதில் ஓடும். தெனியாய, மொறவக்க, பொகவந்தலாவ ஆகிய இடங்களிலும் மாணிக்கக்கற்கள் எடுக்கிறார்கள்.

நான் அரபுக் கல்லூரியில் ஓதிக்கொண்டிருந்த நாட்களில், இரத்தினபுரிப் பக்கத்து நண்பன் ஒருவன் விடுமுறைக்கு என்னைத் தன் ஊருக்கு அழைத்துச் சென்றான். வயலின் நடுவே ஒரு குழி. இரண்டு ஆள் உயரம்தான் இருக்குமென்று எட்டிப் பார்த்தேன். அடி தெரியவில்லை. கமுக மரத்தைச் சட்டமாக அடித்து, மண் சரியாதபடி இலை குழைகளைச் செருகியிருந்தார்கள். இயந்திரம் ஓயாமல் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தது. கீழேயிருந்து சரளை கூடை கூடையாக மேலே வந்தது. பிறகு இடுப்பளவு தண்ணீரில் நின்று, நம் தாய்மார் அரிசி அரிப்பதுபோலவே கூடையைச் சுழற்றிச் சுழற்றி அரித்தார்கள். பாரமில்லாத கல் ஓரத்தால் வழிந்துபோக, பாரமான கல் அடியில் தங்கியது. கடைசியில் ஒரு முதியவர் கூடையை வெயிலுக்குச் சாய்த்து, கண்ணை இடுக்கிப் பார்த்தார். அன்று முழுவதும் அரித்ததில் கிடைத்தவை பயறளவில் நாலைந்து சிறு கற்கள். அவ்வளவுதான்! அதில் காணிக்காரருக்கு ஒரு பங்கு, அனுமதிப்பத்திரக்காரருக்கு ஒரு பங்கு, தண்ணீர் இயந்திரத்துக்கு ஒரு பங்கு, மீதி வேலையாட்களுக்கு. மாதக் கணக்கில் தோண்டியும் வெறுங்கையோடு மூடிய குழிகள் பல என்று அந்த முதியவர் சொன்னார்.

தற்செயலாய்க் கிடைத்தவை

தேடாமலே கிடைத்த கதைகளும் உண்டு. அவற்றையும் மறைக்கக் கூடாது. 2012 பெப்ரவரியில் கதிர்காமத்துக்கு அருகே வீதி அமைப்பதற்காகத் தம்மன்னாவ என்ற இடத்திலிருந்து மண் ஏற்றிக் கொட்டினார்கள். அந்த மண்ணில் நீலக்கற்கள் மின்னின. செய்தி பரவியதும் சனம் திரண்டு வீதியையே கிளறத் தொடங்கிவிட்டது. பொலிஸார் வந்து காவல் போட வேண்டியதாயிற்று. பின்னர் மண் எடுத்த காணியை அரசு துண்டு துண்டாக ஏலத்தில் விட்டது.

2021இல் இரத்தினபுரியில் ஒரு வீட்டு வளவில் கிணறு தோண்டியபோது கிடைத்த நீலக்கல் கொத்து ஒன்று உலகச் செய்தியாயிற்று. அதன் எடை 510 கிலோ. 10 கோடி டொலர் வரை பெறுமென்று பத்திரிகைகள் எழுதின. ராத்தாவிடம் வந்த மனிதரும் இந்தக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார்: "அங்கேயும் கிணறு, இங்கேயும் கிணறு!" ஆனால் அந்தக் கிணறு இருந்தது இல்லத்தின் மேலே, நம் கிணறு இருப்பது சுண்ணாம்புக்கல்லின் மேலே. இந்த வேறுபாட்டை அவர் சொல்லவில்லை. அதோடு, இத்தகைய கொத்துக் கல்லெல்லாம் நகையில் பதிக்கத் தக்கதாய் இருப்பதில்லை என்பதையும் சொல்லவில்லை.

எறிந்த கல்லுக்கு விலை வந்ததும் உண்டு. பால் நிறத்தில் மங்கலாய் இருக்கும் 'கெவுட' என்ற கல்லை ஒரு காலத்தில் நம்மவர் பயனற்றதென்று ஒதுக்கினார்கள். 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அதை வாங்கிப் போய், கடும் சூட்டில் சுட்டு, அருமையான நீலக்கல்லாக மாற்றி விற்றார்கள். நாம் பிறகுதான் விழித்துக்கொண்டோம். அறிவில்லாதவன் கையில் மாணிக்கமும் கூழாங்கல்தான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இத்தொழிலில் நம் சமுதாயத்துக்கு நீண்ட தொடர்பு உண்டு. பேருவளைச் சீனன்கோட்டையின் மாணிக்கச் சந்தை நாடறிந்தது. அங்கே மாணிக்க வியாபாரத்தில் உயர்ந்த நளீம் ஹாஜியார் அவர்கள் அந்தச் செல்வத்தைக் கொண்டு 1973இல் ஜாமிஆ நளீமிய்யாவை நிறுவினார்கள். மண்ணுக்குள் இருந்த கல் மனிதர்களின் அறிவாக மாறிய கதை அது.

வைரம் நம் நாட்டில் உண்டா?

பலர் கேட்கும் கேள்வி இது. இலங்கையில் வைரச் சுரங்கம் எதுவும் இல்லை. 'மாத்தறை வைரம்' என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். அது வைரமல்ல, சிர்க்கோன் என்ற நிறமற்ற கல். பெயரில்தான் வைரம்.

வைரத்துக்குப் பழைய வீடு இந்தியா. கிருஷ்ணா நதிக்கரையின் கொல்லூர்ச் சுரங்கமும் கோல்கொண்டாச் சந்தையும் உலகப் புகழ் பெற்றவை. இன்றும் ஆந்திர மாநிலத்தின் கர்நூல், அனந்தப்பூர் மாவட்டங்களில் முதல் மழை பெய்ததும் மக்கள் குடும்பம் குடும்பமாக வயல்களில் இறங்கி வைரம் தேடுகிறார்கள். மழை மேல்மண்ணைக் கழுவிவிட்டால் கல் வெளியே தெரியும் என்ற நம்பிக்கை. வஜ்ரகரூர், ஜொன்னகிரி போன்ற ஊர்கள் இதற்குப் பேர் போனவை.

மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தில், அரசே சிறு தொகைக்குச் சிறு நிலத் துண்டுகளைப் பொதுமக்களுக்குக் குத்தகை கொடுக்கிறது. கிடைக்கும் வைரத்தை அரசின் வைர அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். ஏலத்தில் விற்று, அரசின் பங்கைக் கழித்து, மீதியைக் கண்டெடுத்தவருக்குக் கொடுப்பார்கள். 2024 ஜூலையில் அங்கு ஒரு கூலித் தொழிலாளிக்கு 19.22 கரட் வைரம் கிடைத்தது. அவர் பல ஆண்டுகள் வெறுங்கையோடு தோண்டியவர் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தில் ஒரு பூங்கா இருக்கிறது. நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு யாரும் உள்ளே போய் வைரம் தேடலாம். கிடைத்தது கண்டவருக்கே சொந்தம். 1924இல் அந்த நிலத்தில் 40.23 கரட் வைரம் ஒன்று கிடைத்தது. அங்கே பிள்ளைகளோடு போய் மண் அரிப்பது ஒரு விடுமுறைப் பொழுதுபோக்கு.

தமிழ்நாட்டில் காங்கேயம், கரூர்ப் பகுதிகளில் அழகிய கற்கள் கிடைக்கின்றன. காங்கேயத்துக்கு அருகிலுள்ள படியூரின் பச்சைக்கல் பழங்காலத்தில் ரோமாபுரி வரை போயிற்று. பக்கத்தில் கொடுமணலில் அகழ்வு செய்தபோது, கல்மணி செய்யும் பட்டறைகளின் தடயங்களே வெளிப்பட்டன.

நாம் போய்த் தேடலாமா?

நம் நாட்டில் அப்படி விளையாட்டாய்த் தோண்டிவிட முடியாது. 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின்படி, தேசிய இரத்தினக்கல் மற்றும் தங்க ஆபரண அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மாணிக்கக்கல் அகழக் கூடாது. வியாபாரமும் செய்யக் கூடாது. ஆற்றுப் படுக்கையைக் கிளறுவதற்குக் கட்டுப்பாடு இன்னும் கடுமை. தோண்டிய குழியை மூடித் தர வேண்டும் என்பதும் சட்டம். மூடாமல் விட்ட குழிகளில் தேங்கும் நீரில் பிள்ளைகள் விழுந்துவிடும் ஆபத்து ஒருபுறம். நுளம்பு பெருகுவது மறுபுறம். எலஹெரப் பக்கத்தில் மலேரியா பரவ இத்தகைய குழிகளும் ஒரு காரணமாயிருந்தன.

ஆனால் பார்க்கலாம், படிக்கலாம். கொடிகாமத்தில் ரயில் ஏறிக் கொழும்பு போய், அங்கிருந்து பஸ்ஸில் இரத்தினபுரி போகலாம். அனுமதி பெற்ற குழிக்காரரிடம் கேட்டு நின்று பார்க்கலாம். இரத்தினபுரியில் மாணிக்கக்கல் காட்சியகங்களும் உண்டு. பிள்ளைகள் வாழ்நாளில் மறக்க மாட்டார்கள்.

நம் பகுதியினருக்கு இன்னொரு முக்கிய எச்சரிக்கை. கல் பொறுக்குகிறோம் என்று கண்ட காணிகளில் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். கொடிகாமத்துக்கு அப்பால் முகமாலைப் பக்கம் எவ்வளவு கண்ணிவெடி புதைக்கப்பட்டிருந்தது என்பது நமக்குத் தெரியாததல்ல. பல ஆண்டுகளாய் அகற்றியும் எச்சரிக்கை அவசியம். மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால், அதற்கு அப்பால் மாணிக்க மலையே இருந்தாலும் வேண்டாம். கடலில் முருகைக்கல்லை உடைத்தெடுப்பதும் குற்றம் என்பதை மறவாதீர்கள்.

அடுக்களையில் ஒரு சோதனைக்கூடம்

இனி ராத்தாவின் கல்லுக்கு வருவோம். மறுநாள் அவரும் மகனும் வந்தார்கள். நாங்கள் செய்த சோதனைகளை நீங்களும் வீட்டில் செய்யலாம். அறுக்காத, பட்டை தீட்டாத கல்லுக்கு மட்டுமே இவை. நகையில் பதித்த கல்லில் செய்து கெடுத்துவிடாதீர்கள்.

முதலாவது, கடினம். ஜெர்மன் அறிஞர் மோஸ் என்பவர் 1812இல் கற்களின் கடினத்துக்கு 1 முதல் 10 வரை வரிசை வகுத்தார். வைரம் 10. நீலமும் மாணிக்கமும் 9. புஷ்பராகம் என்ற பெயரில் விற்கப்படும் டோபாஸ் 8. படிகக்கல் 7. ஜன்னல் கண்ணாடியும் கத்தியும் ஏறக்குறைய ஐந்தரை. நம் நகம் இரண்டரை. மாணிக்கமோ படிகமோ ஆனால் கத்தி கீறாது. ராத்தாவின் கல்லின் ஓரத்தில் கத்தி முனையை இழுத்தேன். வெண்தூள் உதிர்ந்தது. ராத்தாவின் முகம் வாடியது.

இரண்டாவது, புளிப்பு. உதிர்ந்த தூளில் தேசிக்காய்ச் சாறு இரண்டு துளி விட்டோம். வினாகிரியும் விடலாம். நுரை பொங்கியது. சுண்ணாம்புச் சத்துள்ள கல் என்பதற்கு அது அடையாளம். (முத்தும் பவளமும் இதே சத்துத்தான். உங்கள் முத்து மாலையில் தேசிக்காய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்!)

மூன்றாவது, பாரம். பதினோராம் நூற்றாண்டின் பேரறிஞர் அல்பீரூனி, கற்களைத் தண்ணீரில் எடை போட்டு இனம் கண்டவர். கற்களைப் பற்றித் தனி நூலே எழுதியவர். அவர் வழியை நாமும் பின்பற்றலாம். பத்துக் கடைகளில் விசாரிக்க வேண்டாம். புள்ளிக் கணக்கில் எடை காட்டும் சிறு தராசு ஒன்று போதும். முதலில் கல்லை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு குவளையில் பாதிக்குத் தண்ணீர் எடுத்துத் தராசில் வைத்து, எண்ணைப் பூச்சியமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் முழுவதும் தண்ணீரில் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் விடை வரும். 8 கிராம் கல்லுக்குத் தராசு 2 காட்டினால் விடை 4; நீலம் அல்லது மாணிக்க இனமாக இருக்கலாம். 3 காட்டினால் விடை ஏறக்குறைய 2.67, படிகக்கல்லுக்கு அருகில். ராத்தாவின் கல்லுக்கு விடை 2.7 வந்தது. மகன்தான் கணக்குப் போட்டான்.

மூன்று சோதனையும் ஒன்றையே சொல்லின. அது கல்சைட் என்ற சுண்ணாம்புப் பளிங்கு. வெள்ளைக்கல்லின் பொந்துகளில் நீர் கசிந்து கசிந்து, காலப்போக்கில் உறைந்து வளர்வது. விலை என்று சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சோதனைகளால் "இது மாணிக்கமல்ல" என்று சொல்லலாம். "இது மாணிக்கமே" என்று முடிவு கட்ட முடியாது. 1902 முதலே மாணிக்கத்தைத் தொழிற்சாலையில் உருவாக்குகிறார்கள். அதற்கும் கடினம் 9தான், பாரமும் 4தான். கண்ணாலும் கத்தியாலும் பிரித்தறிய முடியாது. பெறுமதியான கல் வாங்குவதானால் அதிகார சபையின் பரிசோதனைக் கூடத்திலோ தகுதியுள்ள இரத்தினக்கல் ஆய்வுகூடத்திலோ காட்டிச் சான்றிதழ் பெற்ற பின்பே பணம் கொடுங்கள்.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். ஓதிக்கொண்டிருந்த காலத்தில் பஸ் நிலையத்தில் ஒருவரிடம், வீட்டிலிருந்து வந்த செலவுக் காசைக் கொடுத்து ஒரு நீலக்கல் வாங்கினேன். உம்மாவுக்கு மோதிரம் செய்ய ஆசை. பத்தரிடம் கொடுத்தபோது, பூதக்கண்ணாடியில் பார்த்து, "உள்ளே காற்றுக் குமிழி தெரிகிறது தம்பி, இது போத்தல் ஓடு" என்று சிரித்தார். அந்த மாதம் முழுவதும் நண்பர்களின் தயவில் தேநீர் குடித்தேன்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

யாகூத்தும் மர்ஜானும் சூரா அர்ரஹ்மானில் பெயர் சொல்லப்பட்டவை. மாணிக்கக்கல் அணிவதிலோ விற்பதிலோ குற்றமில்லை. குறை மறைத்து விற்பதுதான் குற்றம். சூடாக்கிய கல்லைச் சூடாக்காதது என்றும், தொழிற்சாலைக் கல்லை மண்ணில் பிறந்தது என்றும் சொல்லி விற்கும் காசு ஹலாலாகாது.

பிறர் காணியில் கிடைத்ததைக் காணிக்காரர் அறியாமல் எடுத்துச் செல்வதும் கூடாது.

சகோதரிகள் அடிக்கடி கேட்பது ஸகாத்தைப் பற்றி. ஷாஃபிஈ மத்ஹபின்படி சுரங்கப் பொருட்களில் தங்கத்துக்கும் வெள்ளிக்குமே ஸகாத் கடமை. அணிவதற்காக வைத்திருக்கும் மாணிக்கக்கல்லுக்கு ஸகாத் இல்லை. வியாபாரத்துக்காக வாங்கி வைத்த கல்லானால், அது வியாபாரச் சரக்கு. நிஸாப் அளவை அடைந்து ஒரு வருடம் கடந்தால் அதன் பெறுமதியில் நாற்பதில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும்.

இந்தக் கல் அணிந்தால் அதிர்ஷ்டம் வரும், அந்தக் கல் கண்ணேறு போக்கும் என்று சொல்லி விலை ஏற்றுவோரை நம்பாதீர்கள். கல் அழகு தரும். நன்மையும் தீமையும் தருபவன் அல்லாஹ் ஒருவனே.

சோடிக் காப்பு

ராத்தா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மூன்று நாளாய் நித்திரையில்லை மௌலவி. வீடு கட்டி முடித்தேன், மகளுக்குச் சீதனம் கேட்டால் முகத்திலெறிந்தேன், எல்லாம் கனவிலே. இப்ப கல்லும் போச்சு" என்றார்.

"காப்பு இருக்குதே ராத்தா" என்றேன்.

கையைப் பார்த்துக்கொண்டார். மெல்லச் சிரித்தார்.

அந்தத் தரகர் இரண்டு முறை தொலைபேசியில் கேட்டிருக்கிறார். "கல்லை நான் விற்கவில்லை. வேண்டுமானால் நீங்கள் காசைத் தந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்றாராம் ராத்தா. அதன் பிறகு அழைப்பே இல்லை! உண்மையில் விலையுள்ள பொருளானால் தரகர் உங்களுக்குப் பணம் தருவார். உங்களிடம் பணம் கேட்கும்போதே தெரிந்துகொள்ளுங்கள், அவர் தேடும் மாணிக்கம் உங்கள் கையிலும் கழுத்திலும் கிடப்பதுதான்.

கல்லை எறிந்துவிடவில்லை. கல்சைட்டுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. தெளிவான துண்டை எழுத்தின் மேல் வைத்துப் பார்த்தால் ஒவ்வோர் எழுத்தும் இரண்டாகத் தெரியும். பழைய பத்திரிகைத் தாளில் வைத்து மகனுக்குக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். கல்லைச் சுழற்றச் சுழற்ற ஓர் எழுத்து நிற்க, மற்றது அதைச் சுற்றி வருவதை அவனாகவே கண்டுபிடித்தான். இப்போது அவனிடம் ஒரு பிஸ்கட் பெட்டி நிறையக் கல் இருக்கிறது. வெள்ளைக்கல்லில் பதிந்த சிப்பி, பேருந்துப் பயணத்தில் பொறுக்கிய படிகத் துண்டு, யாரோ கொடுத்த சந்திரகாந்தக் கல் சில்லு எல்லாம் அதில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பெயரும் இடமும் எழுதி ஒட்டியிருக்கிறான். பூமியைப் பற்றி ஆசிரியரிடம் கேள்வி கேட்கிறான்.

சகோதரிகளே! கல் தேடுவது நல்ல பொழுதுபோக்கு. பிள்ளைகளோடு சேர்ந்து பொறுக்குங்கள், அரியுங்கள், சோதியுங்கள், பெயர் எழுதி வையுங்கள். அதற்குச் செலவு ஒரு தேசிக்காய். ஆனால் இருக்கும் பொன்னை விற்று இல்லாத மாணிக்கத்தைத் தேடாதீர்கள். யாராவது பளபளக்கும் கல்லோடு வந்து ஆசை காட்டினால் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தக் கல்லுக்கு இல்லம் எது?" சரியான பதில் இல்லையென்றால் வாசல் கதவைக் காட்டுங்கள்.

ஏமாற்றுவதிலிருந்தும் ஏமாறுவதிலிருந்தும் அல்லாஹ் நம் குடும்பங்களைக் காப்பானாக! ஆமீன்.